புள்ளையா குட்டியா?

"உங்களுக்கென்னங்ணா... புள்ளையா குட்டியா? நெனச்சா கெளம்பிரலாம்!"

இந்த வாக்கியத்தை நீங்கள் யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா? அவசரப்பட்டு 'இல்லை' என்று தலையாட்டாதீர்கள். நான் சொல்லியிருக்கிறேன். சூலூரில், எங்கள் தெருமுனை பேக்கரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கையில் டீ கிளாஸோடு. சொன்னது என் பக்கத்து வீட்டுக்காரரிடம். எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு நெய்து கொடுப்பவர். என்னைவிட ஆறேழு வயது பெரியவர். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. குழந்தை இல்லை.

அன்றைக்கு எனக்குப் பயங்கர எரிச்சல். பசங்களுக்கு முழுப்பரீட்சை லீவு. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்குக் கூட்டிப் போகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கிளம்புவதற்குள் ஒருத்தனுக்கு வயிற்றுவலி, இன்னொருத்தியின் நீச்சல் டிரஸ்ஸைக் காணோம், வீடே ரணகளம். பத்து நிமிஷம் தப்பித்து பேக்கரிக்கு ஓடி வந்தவன், நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்ததும் அதைச் சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். "ஆமாங் தம்பி, எங்களுக்கென்ன" என்றார். என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த டீ எனக்கு ரொம்ப நாள் செரிக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரே வாக்கியம்தான். முதல் பாதியில் பொறாமை இருக்கிறது. அதே மூச்சில் ஒரு குத்தலும் இருக்கிறது. 'நீ கொடுத்துவைத்தவன்' என்றும் 'உனக்குக் கொடுத்துவைக்கவில்லை' என்றும் ஒரே நேரத்தில் ஒரு மனிதனிடம் சொல்ல முடிகிற மொழி நம்முடையது! அதைவிட வேடிக்கை, அதில் உண்மையும் இல்லை. பதினோரு வருஷமாகச் சுவரோடு சுவராகக் குடியிருக்கிறோம். அவர்கள் நினைத்தபோது கிளம்பி நான் பார்த்ததே இல்லை. கல்யாணம், காதுகுத்து, இழவு, குலதெய்வக் கோயில். இந்த நான்கைத் தவிர ஐந்தாவதாக ஓர் இடத்துக்கு அந்த வீட்டுக் கதவு பூட்டப்பட்டதில்லை.

ஏன்?

இடத்துக்குப் பஞ்சமா? எங்கள் சூலூர், கோவையிலிருந்து திருச்சி ரோட்டில் கிழக்கே இருபது கிலோமீட்டர். நொய்யல் தண்ணீர் வரும் இரண்டு குளங்கள் ஊரிலேயே இருக்கின்றன. விடிகாலையில் புறப்பட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிற தூரத்தில் ஆழியாறு, நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை, இந்தப் பக்கம் மருதமலை, பேரூர், கோவைக் குற்றாலம், வடக்கே மேட்டுப்பாளையம், அதற்கு மேலே ஊட்டி. இவ்வளவு இருந்தும், 'ரெண்டு பேர் மட்டும், சும்மா' என்று எங்கேயாவது போய்ப் பாருங்கள். டிக்கெட் கவுன்டரில் இருப்பவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். குழந்தைகள் எங்கே என்று தேடுகிறாராம்!

இன்னொரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் ஊரில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானதளம் இருக்கிறது. இப்போது தேஜஸ் போர் விமானங்கள் பறக்கின்றன. 'சாரங்' ஹெலிகாப்டர்களுக்கும் இதுதான் வீடு. 2024 ஆகஸ்டில் 'தரங் சக்தி' கூட்டுப் பயிற்சிக்காக ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் எல்லாம் இங்கே வந்து இறங்கின. அந்தச் சமயம் பைக்கை ரோட்டோரம் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தவர்களில் நானும் ஒருத்தன். பக்கத்தில் நின்ற ஆள், நான் ஒன்றுமே கேட்காமல், "பையன் பாக்கோணும்ன்னான்" என்றார். பையன் டேங்க்கின் மேல் உட்கார்ந்து செல்போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தான். வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்தது அப்பாதான். நாற்பது வயது ஆள் விமானத்தை வேடிக்கை பார்க்க ஒரு பையன் தேவைப்படுகிறான், லைசென்ஸ் மாதிரி.

லைசென்ஸ் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். பக்கத்து வீட்டு அக்கா என் மனைவியிடம் சொன்னது இது. எழுதலாமா என்று கேட்டேன். "பேர் போடாம எழுதுங்க" என்றார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இருவரும் ஒருநாள் துணிந்துவிட்டார்கள். ஊட்டி மலை ரயில். காலை ஏழு பத்துக்கு மேட்டுப்பாளையத்தில் புறப்படும் வண்டிக்காக ராத்திரி மூன்று மணிக்கே எழுந்து, கட்டுச்சோறு கட்டி, தறிக்குடோன் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, திருடர்கள் மாதிரி சத்தமில்லாமல் கிளம்பியிருக்கிறார்கள். எனக்குக்கூடத் தெரியாது.

அந்த ரயிலில் நீங்கள் போயிருக்கிறீர்களா? 1908லேயே உதகை வரை போய்விட்ட பாதை. 2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை வரும். வண்டியின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். இன்ஜின் முன்னால் நின்று இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். 208 வளைவு, 250 பாலம், 16 குகை. இதில் குகைதான் விசேஷம். வண்டி இருட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியில் உள்ள அத்தனை பேரும் 'ஓ...' என்று கத்துவார்கள். குழந்தைகள் மட்டுமல்ல. பேங்க் மேனேஜர், ரிட்டயர்டு வாத்தியார், நகைபோட்ட மாமி எல்லாரும். இருட்டில் யார் கத்தியது என்று தெரியாது அல்லவா? வெளிச்சம் வந்ததும் எல்லாரும் யோக்கியமாக உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் குகையில் நம் அக்காவும் அண்ணனும் கத்தவில்லை. எதிர் சீட்டில் ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம். அந்த அம்மாள் முறுக்கு டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டிருக்கிறார்: "ஏனுங்க, உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

அக்கா ஒரு விநாடிகூட யோசிக்கவில்லையாம். "ரெண்டுங்க. லீவுக்கு அம்மாயி வீட்டுக்குப் போயிருக்காங்க."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் அப்படியே. அப்புறம் தானாகவே இந்தப் பக்கம் திரும்பி, "பெரியவன் எட்டாவதுங்க" என்றாராம்.

முறுக்கு வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. "அடடா, கூட்டிட்டு வந்திருக்கலாமுல்லங்க? ரயிலுன்னா குழந்தைங்களுக்கு எவ்வளவு ஆசை! அதுகள விட்டுப்போட்டு நீங்க மட்டும் வந்துட்டீங்களே..."

பிறக்காத பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்த குற்றத்துக்கு அந்த இரண்டு பேரும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஹில்குரோவ் ஸ்டேஷனில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றது. இறங்கி டீ குடிக்கும்போது அக்கா சொல்லியிருக்கிறார்: "ஏனுங், பொய் சொல்லிப்போட்டேன்." அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே, "சின்னவ எத்தனாவது படிக்கிறா?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த குகையில் அவர் கத்தினாராம். "அப்பிடி அவுரு கத்தி நான் கேட்டதே இல்லீங்" என்று அக்கா சொன்னபோது சிரித்தாரா, அழுதாரா என்று என் மனைவிக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது நீங்கள் நீதிபதி. அந்தப் பொய் தப்பா?

இம்மானுவல் கான்ட் என்ற ஜெர்மன் தத்துவ ஞானி இருந்தார். பொய்யில் சின்னது பெரியது கிடையாது என்றவர். கொலைகாரன் வாசலில் வந்து 'உன் நண்பன் உள்ளே இருக்கிறானா?' என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797ல் ஒரு கட்டுரையே எழுதினார். அவரைக் கேட்டால் அக்காவுக்குத் தண்டனைதான். (கான்ட் கல்யாணமே செய்துகொள்ளாதவர். பிறந்த கோனிக்ஸ்பெர்க் நகரத்தை விட்டு அதிக தூரம் போனதும் இல்லை. புள்ளையா குட்டியா? ஆனாலும் மனிதர் எங்கேயும் கிளம்பவில்லை!) நம் வள்ளுவர் கொஞ்சம் இளகினவர். யாருக்கும் கெடுதல் செய்யாமல் நல்லது தருமென்றால் அந்தப் பொய்யையும் மெய்க்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிடுவார்.

நான் வள்ளுவர் கட்சி. ஆனால் என் கவலை அக்கா சொன்ன பதிலைப் பற்றி இல்லை, அவரிடம் கேட்கப்பட்ட கேள்வியைப் பற்றி. வளர்ந்த இரண்டு பேர் ஒருநாள் சந்தோஷமாக இருக்க, வேறு யாரையாவது காரணம் காட்டியே ஆகவேண்டும் என்ற நிலைமை எப்போது வந்தது?

ஏனென்றால், முன்பு இப்படி இல்லை. பரிபாடலில் வையை வெள்ளம் வந்தால் மதுரையே திரண்டு ஆற்றுக்கு ஓடுகிறது. புதுப்புனலாட்டம் முழுக்க முழுக்கப் பெரியவர்கள் விளையாட்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் கடலாடப் போனபோது மணிமேகலை பிறந்துவிட்டாள். ஆனால் குழந்தையைத் தூக்கிப்போனதாக இளங்கோவடிகள் சொல்லவில்லை. (அந்த ஒருநாள் பிக்னிக் எப்படி முடிந்தது என்று உங்களுக்கே தெரியும். பீச்சில் பாட்டு பாடும்போது ஜாக்கிரதை!)

அவ்வளவு தூரம் ஏன், எங்கள் கொங்கு நாட்டு நோம்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி வந்தால் மரத்துக்கு மரம் தூரி கட்டுவார்கள். தூரி என்றால் ஊஞ்சல். சின்னப் பிள்ளைகளுக்கான ஊஞ்சல் அல்ல. கல்யாணமான பெண்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், நின்றுகொண்டு உந்தி உந்தி ஆடுகிற ராட்சசத் தூரி. தைப்பொங்கல் முடிந்ததும் பூப்பறிக்கிற நோம்பி. ஒப்பிட்டும் கட்டுச்சோறும் எடுத்துக்கொண்டு பெண்கள் கூட்டமாகப் போய் ஆவாரம்பூ பறிப்பார்கள், கும்மியடிப்பார்கள், அந்தி சாய்ந்தால் வீடு. அன்றைக்கு யாரும் யாரையும் 'எதுக்குப் போற?' என்று கேட்டதில்லை. நாள் காட்டியே அனுமதி கொடுத்திருந்தது. மேட்டுப்பாளையம் தாசம்பாளையத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024ல் பத்மஸ்ரீ அறிவித்தார்களே, நினைவிருக்கிறதா? ஆண்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர். இன்றைக்கு கொங்குப் பக்கம் வள்ளி கும்மி அரங்கேற்றம் என்றால் நாற்பதும் ஐம்பதுமான பெண்கள் ஒரே நிறத்தில் சேலை கட்டி வருவதைப் பாருங்கள். அவர்கள் முகத்தில் இருப்பது கலைத்தாகம் மட்டும்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

அந்த நோம்பி நாட்கள் பலவற்றை டி.வி. சாப்பிட்டுவிட்டது. அதன் இடத்தில் ஸ்கூல் காலண்டர் வந்து உட்கார்ந்துவிட்டது. காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, முழு ஆண்டு லீவு. பெரியவர்களின் சந்தோஷத்துக்கும் இப்போது அவைதான் முகூர்த்தம். ('ஸ்கூல்' என்ற சொல்லுக்கு கிரேக்க மூலத்தில் 'ஓய்வு' என்று பொருள். பசங்களிடம் சொல்லாதீர்கள், சண்டைக்கு வருவார்கள்.)

இதனால் குழந்தைகளுக்காவது லாபமா என்றால், அதுவும் இல்லை. ஊட்டி போட் ஹவுஸில் ஒரு மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். அழுகிற ஏதாவது ஒரு குழந்தை, எதிரே செல்போனைத் தூக்கிப் பிடித்த அப்பா. "உனக்காகத்தானே இவ்வளவு செலவு பண்ணி வந்திருக்கோம்... சிரிடா!" அந்த ஐந்து வயதுப் பையன் ஊட்டி கேட்கவே இல்லை. போட் பார்க்க ஆசைப்பட்டவர்கள் அப்பாவும் அம்மாவும். ஆனால் பில் அவன் பேரில் போட்டாகிவிட்டது. இனி சாயங்காலம் வரை அவன் சிரித்துச் சிரித்துக் கடன் அடைக்க வேண்டும். நானும் என் பிள்ளைகளை இப்படிச் சிரிக்கவைத்தவன்தான். அந்தப் போட்டோக்கள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. இப்போது பார்த்தால் அந்தச் சிரிப்பு எனக்கு என்னவோ போலிருக்கிறது.

'சரிப்பா, பெரியவர்கள் தனியாகப் போகலாம், தப்பில்லை' என்று இத்தோடு முடித்துவிடலாம்தான். முடிக்க முடியவில்லை. காரணம் என் அம்மா.

மலை ரயில் கதையைக் கேட்ட பிறகு எனக்கும் என் மனைவிக்கும் வீரம் வந்துவிட்டது. அக்கா பொய்யாகச் சொன்னதை நாங்கள் நிஜமாகவே செய்தோம். பசங்களை அம்மாவிடம் விட்டுவிட்டு ஒருநாள் வால்பாறை. தேயிலைத் தோட்டம், மேகம், ஒரு டீக்கடை, நிறையப் பேச்சு. பன்னிரண்டு வருஷத்தில் நாங்கள் இருவரும் அவ்வளவு பேசியதில்லை. நடுநடுவே குற்ற உணர்ச்சி வந்து மூன்று முறை வீட்டுக்குப் போன். திரும்பும்போது அபராதம் மாதிரி இரண்டு பை நிறைய சாக்லேட்.

ராத்திரி ஒன்பதரைக்கு வந்தால், அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். சின்னவளுக்கு மத்தியானம் வாந்தி. பெரியவன் அரிசிம்பருப்புச் சோறு வேண்டாம் என்று அடம்பிடித்ததில் இரண்டாவது சமையல். போனில் ஒன்றும் சொல்லவில்லை. "ஏம்மா, சிரமமா போச்சா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன கண்ணு... நான் எங்க போகப்போறேன்" என்றார்.

எங்கேயோ கேட்ட வாக்கியம் மாதிரி இல்லை? அண்ணனிடம் நான் சொன்ன 'உங்களுக்கென்ன'வுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி இது. ஒருவருக்குக் குழந்தை இல்லை என்பதால் சந்தோஷம் மறுக்கப்படுகிறது. இன்னொருவருக்கு, வளர்ப்பதற்கு எப்போதும் யாராவது ஒரு குழந்தை இருந்துகொண்டே இருக்கிறது என்பதால். முதலில் நான், அப்புறம் என் தங்கை, இப்போது என் பிள்ளைகள். எங்கள் வால்பாறைக்கான பெட்ரோல் என்னுடையது. அதற்கான பகல் என் அம்மாவுடையது. அதை நான் கணக்கிலேயே எழுதியிருக்கவில்லை. உங்கள் வீட்டில் எப்படி? நீங்கள் கடைசியாகப் போன டூருக்கு யாருடைய பகல் செலவானது?

ஆனால் என் அம்மா ஒன்றும் சும்மா இருந்தவர் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அரசு டவுன் பஸ்களில் 2021ல் பெண்களுக்கு டிக்கெட் இலவசமானது அல்லவா? அதற்கப்புறம் அம்மாவுக்கு மாதம் ஒரு தடவை தாலுக்கா ஆபீஸில் ஏதோ வேலை வர ஆரம்பித்தது. "பென்சன் விசயமா போயிட்டு வரேன் கண்ணு." நானும் நம்பினேன். ஒருநாள் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில், மருதமலை போகிற 70ஆம் நம்பர் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் அம்மாவைப் பார்த்தேன். மடியில் ஒரு பொட்டலம் கடலைக்காய்.

கோயிலுக்குப் போவதை ஏன் மறைக்க வேண்டும்? ராத்திரி கேட்டேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "கோயிலுக்கும் போகல கண்ணு. அடிவாரத்துல எறங்கி ஒரு டீ குடிச்சுப்போட்டு அதே பஸ்ல திரும்பிருவேன். ஜன்னல்ல உக்காந்துட்டு வர்றது நல்லாருக்குது. அதுக்குத்தான்."

எண்ணூறு படிக்கு மேல் முருகன் நிற்கிறான். அவனைச் சாக்குச் சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டோம். சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்ல அம்மாவுக்கு மனசு வரவில்லை. தாலுக்கா ஆபீஸ் பேரைச் சொல்லியிருக்கிறார். அறுபத்தெட்டு வயசில், காசு செலவில்லாத ஒரு பஸ் பயணத்துக்கு!

அக்காவின் பொய்யைக் கேட்டபோது வந்ததைவிட எனக்கு இதில் வெட்கம் அதிகமாக வந்தது. அந்த ரயிலில் முறுக்கு கொடுத்தது யாரோ. இந்த வீட்டில் கேள்வி கேட்கிற இடத்தில் இருந்தது நான்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அண்ணன் தறியை நிறுத்திவிட்டு பரளிக்காட்டுக்கு டிக்கெட் போட்டிருந்தார். காரமடை தாண்டி, பில்லூர் அணையின் நீர்த்தேக்கத்தில் வனத்துறை நடத்துகிற பரிசல் சவாரி. ஊர்க்காரர்களே பரிசல் ஓட்டுவார்கள், மத்தியானச் சாப்பாடும் அங்கத்துப் பெண்கள் சமையல். கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, "ஏனுங் பெரியம்மா, கார்ல எடம் இருக்குது, வர்றீங்களா?" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். "போறேன்" என்று சத்தமாகவே சொன்னார். அன்றைக்குப் பசங்களுக்குச் சோறு பொங்கியது நான். குழைந்துவிட்டது.

பரிசலில் இவர்களோடு திருப்பூர்க்காரர்கள் இரண்டு பேர். நடுத் தண்ணீருக்குப் போனதும், உட்கார்ந்திருந்த அம்மாள் அக்காவைப் பார்த்து சிநேகமாகக் கேட்டிருக்கிறார்: "ஏனுங்க, எத்தனை குழந்தைங்க உங்களுக்கு?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் என் அம்மா முந்திக்கொண்டாராம்.

"அதெல்லாம் கரைக்குப் போயிப் பேசிக்கலாமுங். மொதல்ல தண்ணியப் பாருங்க."

அம்மாவுக்கு மலை ரயில் கதை தெரியாது. நானோ என் மனைவியோ சொன்னதில்லை.